பாலிண்டாவின் ஐந்தாவது விரல்

அத்தியாயம் 4

செத்துப்போன ஒன்பது பேர் அந்த மாதமும் தவறாமல் மருந்து வாங்கியிருந்தார்கள்.

கருங்கி இல்லத்தின் பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. மேற்கு உகாண்டாவில், ஃபோர்ட் போர்ட்டலுக்குத் தெற்கே, தேயிலைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் இருந்தது அந்த இல்லம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பெரிய ஆஸ்பத்திரி அனுப்பிவிட்டவர்களை அது ஏற்றுக்கொள்ளும். நோயைத் தீர்க்காது, வலியைத் தணிக்கும். பச்சைச் சாயம் கலந்த மார்ஃபின் மருந்தைப் பழைய தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி, செவிலியர்கள் வாரம் ஒரு முறை வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். மருந்தை அரசாங்கம் சும்மா தந்தது. அதைச் சுமந்து மலையேறும் கால்களுக்கு வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று சம்பளம் தந்தது.

அந்த அறக்கட்டளையின் கம்பாலா அலுவலகத்துக்குத்தான் போன வாரம் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. ‘உங்கள் இல்லம் பிணங்களுக்கு மருந்து கொடுக்கிறது’ என்று தட்டச்சு செய்த ஒரே வரி. அதற்குக் கீழே ஒன்பது பெயர்கள். அலுவலகப் பொறுப்பாளர் செருன்குமா பதறிப்போய் அப்வோலிக்குப் போன் செய்தார். மருந்து எல்லையோரச் சந்தையில் விலைபோகிறது என்பது அவருடைய சந்தேகம். மூன்று நாளில் அறிக்கை வேண்டும் என்றார்.

அப்வோலி பதினான்கு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவரின் மைத்துனனைக் கைது செய்த பாவத்துக்காக வெளியே வந்து, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவள். வேலையில் அவளுக்குத் துணையாக வருகிற அராலி, அவளைவிடப் பத்து வயது மூத்தவர். உள்ளூர் ரேடியோவில் பதினெட்டு வருஷம் மரண அறிவிப்பு வாசித்தவர். இந்த மாவட்டத்தில் யார் எப்போது செத்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்பதை முனிசிபல் ஆபீஸைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

செவ்வாய்க்கிழமை காலை, இல்லத்தின் சின்ன அலுவலக அறையில் பதிவேட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார் அராலி. ஒவ்வொரு பெயரிலும் விரல் நின்றது.

“ஒன்பதும் நான் வாசிச்சதுதான். பாலிண்டா, பிப்ரவரி பன்னிரண்டு, மத்தியான அறிவிப்பு. மழை பெய்ஞ்சா அடக்கம் மறுநாள்னு கூடச் சொன்னேன்.”

“தப்பா ஞாபகம் இருக்கலாம் இல்லையா?”

“அப்வோலி, நான் செத்துட்டதாச் சொன்ன யாரும் இதுவரைக்கும் ரேடியோ ஸ்டேஷனுக்கு வந்து மறுப்பு சொன்னதில்ல.”

அப்வோலி சிரிக்கவில்லை. ஒன்பது பேரையும் பார்த்துவந்தது ஒரே செவிலியர், நியாகைசிக்கி. இருபது வருஷ அனுபவம். ஒன்பது பேரின் பக்கங்களிலும் செவ்வாய்க்கிழமைகள்தான். அதனால்தான் அப்வோலியும் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வந்திருந்தாள். செவிலியர் அதற்குள் கிளம்பிப் போயாயிற்று என்றார் இல்லத்தின் நிர்வாகி. அந்த மனிதருக்குக் கடிதத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அறக்கட்டளை சும்மா கணக்குப் பார்க்கிறது என்று நம்பித் தேநீர் கொடுத்தார்.

அப்வோலியை உறுத்தியது கடிதத்தின் வரிசை. ஒன்பது பெயர்களும் அகர வரிசையில் இல்லை. பதிவு எண் வரிசையிலும் இல்லை. செத்த தேதி வரிசையிலும் இல்லை என்று அராலி சொல்லிவிட்டார். காட்டிக்கொடுக்கிறவன் பெயர்களை எங்கிருந்தாவது பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். எந்தத் தாளைப் பார்த்து எழுதினாலும் அதில் ஏதாவது ஒரு வரிசை இருக்கும்.

முதல் பெயர் பாலிண்டா. அங்கிருந்தே தொடங்கலாம் என்று பதிவேட்டைப் பையில் வைத்துக்கொண்டு அராலியின் மோட்டார் சைக்கிளில் ஏறினாள்.

பாலிண்டாவின் வீடு மலைச்சரிவில், ஆற்றைப் பார்த்தபடி இருந்தது. அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ரேடியோக் குரலை அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. என் புருஷனை நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவைத்தீர்கள் என்று அராலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்வோலி விசாரிப்பதுபோல் இல்லாமல் விசாரித்தாள். பாலிண்டா மர அறுப்பு ஆலையில் வேலை பார்த்தவர். ரம்பம் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது. பிற்பாடு இடது அக்குளில் கட்டி வந்தது. கை தூண் மாதிரி வீங்கி, தூக்கவே முடியாமல் போனது. வலி எவ்வளவு என்று கேட்டால் விரலால் காட்டச் சொல்வது இல்லத்தின் வழக்கம். மூடிய முட்டி என்றால் வலி இல்லை. ஐந்து விரலும் விரிந்தால் தாங்க முடியாத வலி.

“இவருக்குக் காட்ட மூணுதான் இருந்துச்சு,” என்றாள் மனைவி. “அதுக்கு மேல போச்சுன்னா போர்வையைக் கடிச்சுக்குவாரு. அந்தம்மா கண்ணைப் பாத்தே மருந்தைக் கூட்டிருவாங்க. ஆனா நோட்டுல மூணுன்னுதான் எழுதுவாங்க. அவர் காட்டினதைத்தான் எழுதணுமாம்.”

அப்வோலி பதிவேட்டைத் திறந்தாள். பாலிண்டாவின் பக்கம். பிப்ரவரி வரைக்கும் வலிக் கட்டத்தில் மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. பிப்ரவரி பன்னிரண்டுக்குப் பிறகு ஐந்து. மறுபடி ஐந்து. நான்கு. மூன்று. இரண்டு.

அவள் அந்தப் பக்கத்தை அராலியிடம் காட்டினாள். அராலி கொஞ்ச நேரம் பார்த்தார்.

“புதைச்ச பிறகு ரெண்டு விரல் முளைச்சிருக்கு,” என்றார்.

“திருடறவங்க என்ன செய்வாங்க அராலி? பழைய நம்பரையே காப்பி அடிச்சுட்டுப் போவாங்க. மூணு, மூணு, ரெண்டு. யாருக்கும் சந்தேகம் வராது. இங்க அஞ்சுல ஆரம்பிச்சு வாரா வாரம் இறங்கியிருக்கு. மருந்து சாப்பிட்டு யாருக்கோ வலி குறைஞ்சிருக்கு. இது சந்தைக்குப் போகல. பேருதான் செத்தவரோடது. வலி உயிரோட இருக்கிற யாரோ ஒருத்தரோடது.”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி அவரையை உரிப்பதை நிறுத்தினாள். அவளுக்குத் தெரியும் என்பது அப்வோலிக்குப் புரிந்தது. யாருக்கும் கெடுதல் செய்ய வரவில்லை என்று அப்வோலி சொன்னாள். பின்னால் அந்த வார்த்தையை நினைத்து அவள் வெட்கப்பட வேண்டியிருந்தது.

மனைவி எழுந்து உள்ளே போய் ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூவைக் கொண்டுவந்து வைத்தாள். நியாகைசிக்கி இன்று காலையிலும் வந்தாள். ஒவ்வொரு செவ்வாயும் வருவாள். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுச் செத்துப்போன பாலிண்டாவின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கீழே போவாள். சாயங்காலம் சேற்றோடு திரும்பி வந்து கழுவி வைத்துவிட்டுப் போவாள். எங்கே என்று இவள் கேட்டதில்லை. கீழே ஆற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம். அறக்கட்டளையின் திட்டம் ஆற்றோடு முடிந்துவிடும். அந்தப் பக்கத்து ஆட்களைப் பதிவேட்டில் சேர்க்க அனுமதி இல்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு ஒரு சொட்டு மார்ஃபின் கொடுப்பதும் குற்றம்.

ஆற்றின் மேல் இரண்டு மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதுதான் பாலம். அராலி அதைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“நான் விழுந்துட்டா, நல்லா நீந்தத் தெரிஞ்சவர்னு அறிவிப்புல சேர்க்கச் சொல்லுங்க. கேக்கறவங்களுக்குக் கொஞ்சம் மரியாதை வரும்.”

அக்கரையில் ஒற்றையடிப் பாதை வாழைகளுக்குள் ஏறியது. முதல் வீட்டில் ஒரு மனிதர் பாயில் படுத்திருந்தார். பெயர் பகோன்சா. தொண்டையில் புற்று. பேச முடியாது. பெரிய மனிதர் இளைத்துச் சின்னதாகிவிட்டிருந்தார், ஆனாலும் முகத்தில் வேதனை இல்லை. வந்தவர்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். தலைமாட்டில் பச்சை மருந்து பாட்டில் இருந்தது. அதில் ஒட்டியிருந்த சீட்டில் பாலிண்டா என்று எழுதியிருந்தது.

அவர் மனைவியின் செல்லப் பெயர் அடியேரி. இந்த டூரோ தேசத்தில் மரியாதை தெரிந்த யாரும் யாரையும் செல்லப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். செவிலியர் அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் போனாள் என்று சொன்னாள் அடியேரி. பாட்டிலில் இருக்கும் பெயரைப் பற்றி அப்வோலி கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“செவ்வாய்க்கிழமை மட்டும் இவர் பேரு பாலிண்டா. அந்தப் பேரைச் சொல்லித்தான் மருந்து வருது. யாரு எவருன்னு தெரியாது, ஆனா தினமும் நான் அவருக்காக ஜெபம் பண்றேன்.”

மருந்து வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று அராலி கேட்டார். அவள் சிரிப்பை விட்டுவிட்டாள். ஊர்க்காரர்கள் இந்த வீட்டுப் பக்கமாகத் தண்ணீருக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள், சத்தம் அப்படி, என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது வீட்டில் ஒரு கிழவர். பாட்டில் சீட்டில் ருவபுஹிங்கா. வாசலிலேயே நின்று அப்வோலி மொட்டைக் கடிதத்தை எடுத்துப் பிரித்தாள். முதல் பெயர் பாலிண்டா. இரண்டாவது ருவபுஹிங்கா. மூன்றாவது கட்டூரமு.

“அடுத்த வீட்டு பாட்டில்ல கட்டூரமுன்னு இருந்தா, கடிதம் எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும்,” என்றாள்.

அராலி ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தார். பிறகு அவருக்கும் புரிந்துவிட்டது. வேகமாக முன்னால் நடந்தார்.

மூன்றாவது வீட்டு வாசலில் சேறு படிந்த பெரிய ஆண்பிள்ளை பூட்ஸ் ஒரு ஜோடி கிடந்தது. உள்ளே நியாகைசிக்கி ஒரு பெண்ணின் மார்புப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, குட்டையான உருவம். வந்தவர்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கட்டி முடிக்கும்வரை காத்திருக்கும்படி கண்ணாலேயே சொன்னாள். ஜன்னலோரப் பாட்டிலில் கட்டூரமு என்ற பெயர் இருந்தது.

முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். பயந்தவளாகத் தெரியவில்லை. ரொம்ப நாள் எதிர்பார்த்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“கம்பாலாவிலிருந்தா?”

“ஆமா, அமூட்டி,” என்று செவிலியரின் செல்லப் பெயரைச் சொன்னாள் அப்வோலி. கடிதத்தை நீட்டினாள். “இந்த ஒன்பது பேரும் எந்த வரிசையில இருக்காங்கன்னு காலையிலேர்ந்து மண்டையை உடைச்சிக்கிட்டேன். பாதை வரிசை. இந்தப் பாதையில பூட்ஸ் போட்டு நடக்கிற ஒருத்தருக்குத்தான் இப்படி எழுத வரும். உங்களை நீங்களே ஏன் காட்டிக்கொடுத்தீங்க?”

நியாகைசிக்கி வாசல் கல்லில் உட்கார்ந்தாள். பூட்ஸைக் கவிழ்த்து உள்ளிருந்த தண்ணீரைக் கொட்டினாள்.

முதலில் ஒரே ஒருவர்தான், பகோன்சா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாலிண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தப் பக்கத்துச் சத்தம் கேட்டது. வந்து பார்த்தாள். சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டு அறக்கட்டளைக்கு எழுதினாள். பதில் இல்லை. பாலிண்டா இறந்த அன்று பதிவேட்டில் அவர் பெயரை அடிக்க வேண்டிய பேனாவை மூடி வைத்துவிட்டாள். மறுபடி எழுதினாள். அப்புறம் இன்னொரு முறையும் எழுதினாள். அதற்குள் நான்கு பேர், ஏழு பேர், ஒன்பது பேர். செத்தவர்களின் பெயரை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வலியைப் பொய்யாக எழுதினால் அடுத்த வாரம் மருந்தின் அளவு தப்பிவிடும். அதனால் அதை மட்டும் உள்ளபடி எழுதினாள்.

“உதவி கேட்டு மூணு கடிதம் போட்டேன், ஒருத்தரும் வரல,” என்றாள். “திருட்டுன்னு ஒண்ணு போட்டேன். ஏழாவது நாள் ரெண்டு பேர் வந்து நிக்கிறீங்க. வந்து பாத்தா புரியும்னு நினைச்சேன். வர வைக்கிறதுக்கு எனக்கு வேற வழி தெரியல.”

“இப்ப ஏன்? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாமே.”

அவள் பூட்ஸை நிமிர்த்தி வைத்தாள்.

“இந்தக் கரையில இன்னும் நாலு பேர் இருக்காங்க. கொடுக்க என்கிட்ட பேர் இல்ல. போன மாசம் அந்தக் கரையில ஒரு வீட்டுக்குப் போனேன். இருபது வருஷமா நான் செய்யற வேலை. படுத்திருந்தவரைப் பாத்ததும், இவர் எப்பப் போவாருன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். இவர் பேரை யாருக்குக் கொடுக்கலாம்னு யோசிச்சேன். அன்னிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடல. மறுநாள் டவுனுக்குப் போய் அந்தக் கடிதத்தை டைப் பண்ணச் சொன்னேன்.”

வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஏறினால் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் என்று அவளே வழி காட்டினாள். அப்வோலி செருன்குமாவைக் கூப்பிட்டு, மூவரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தாள். விரல், பூட்ஸ், பாட்டில் சீட்டு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ஒரு சொட்டுகூட விற்கப்படவில்லை, திட்டத்தை ஆற்றைத் தாண்டி நீட்டினால் போதும், தன் அறிக்கையில் அப்படித்தான் எழுதப்போவதாகவும் சொன்னாள்.

செருன்குமா கெட்டவர் இல்லை. குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். பிறகு அவர் குரல் தணிந்துபோயிருந்தது.

“அம்மா, வித்தாங்களா சும்மா கொடுத்தாங்களான்னு மேலே இருக்கிறவங்க கேக்க மாட்டாங்க. பதிவுல இருக்கிறவங்க உயிரோட இருக்காங்களா, இல்லையா. அது ஒண்ணுதான் கேள்வி. இல்லைன்னு வந்தா, முழு இல்லத்துக்கும் உதவியை நிறுத்தி விசாரிக்கணும். அது விதி. நான் போட்டதில்ல.”

“எத்தனை நாள் விசாரணை?”

“போன தடவை வேற ஒரு இடத்துல எட்டு மாசம் ஆச்சு.”

அராலி போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். “ஐயா, இந்த இல்லத்துல நூத்தி நாப்பது பேர் இருக்காங்க. எட்டு மாசம் கழிச்சு நீங்க யாருகிட்ட வந்து மன்னிப்புக் கேப்பீங்க?”

அந்த மூன்று கடிதங்களும் தன் மேஜைக்கு வந்தன என்றார் செருன்குமா. மேலே அனுப்பினாராம். திட்ட எல்லைக்கு வெளியே என்று குறிப்பு எழுதித் திரும்பி வந்ததாம். பதில் போடச் சங்கடமாக இருந்தது என்றார். அப்வோலி எழுதாவிட்டால் வேறு யாராவது வந்து எழுதுவார்கள் என்றும், மருந்து அலமாரியைப் பூட்டச் சொல்லி இல்லத்து நிர்வாகிக்கு இன்றைக்கே தகவல் போய்விடும் என்றும் சொன்னார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஒன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதிவிடலாமா என்று அப்வோலி யோசித்தாள். உடனே அது எடுபடாது என்பதும் தெரிந்தது. ஒன்பது சாவும் ஊரறிய ரேடியோவில் வந்தவை. கடிதத்தின் ஒரு நகல் இந்நேரம் கடல் தாண்டியிருக்கும். குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் இத்தனை வருஷமாக அவள் செய்த வேலை. இன்றும் கண்டுபிடித்தாயிற்று.

நியாகைசிக்கி அழவில்லை. அந்தக் கரையையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேனா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவள் எழுந்து பையைத் தூக்கினாள். பையில் இன்னும் ஆறு பாட்டில் இருந்தது.

அது ஆதாரம். கைப்பற்றியிருக்க வேண்டும். அப்வோலி பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்த வீடு எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

ஆறு வீட்டுக்கும் மூவரும் சேர்ந்தே போனார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நியாகைசிக்கி மருந்தைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். கடைசி வீட்டுக்கு முன்னால் அராலி அவளைத் தடுத்துப் பார்த்தார். அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போகலாமே, ஏழு நாளாவது நிம்மதியாக இருப்பார்கள் என்றார்.

“நோயாளி வீட்ல பொய் சொல்லக்கூடாது, அராலி,” என்றாள் அவள். “பதிவேட்டுல சொல்லலாம்.”

திரும்பும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. வழியில் மற்ற இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தார்கள்; பகோன்சாவின் வீடு பாதையில் கடைசியாக வந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் அவசரமாகத் தாண்டிப்போன அந்த வீட்டிலும் சொல்ல வேண்டியிருந்தது. நியாகைசிக்கி அடியேரியை வெளியே அழைத்து, வாழை நிழலில் நின்று தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். இன்று கொடுத்த பாட்டில் அடுத்த செவ்வாய்வரை வரும். பாதியாகக் குறைத்துக் கொடுத்துப் பதினான்கு நாள் ஓட்டப் பார்க்காதே, பதினான்கு நாளும் வலிதான் மிஞ்சும், முழுசாகவே கொடு என்றாள்.

அடியேரி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். எல்லாம் புரிந்தது என்றாள்.

“அதுக்கு மறுநாள், புதன்கிழமைக்கு என்ன கொடுக்கறது?”

நியாகைசிக்கி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் இல்ல,” என்றாள்.

அடியேரி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, அடுப்பில் தேநீர் கொதித்துவிட்டது, ஆற்றைத் தாண்டப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போக வேண்டாம் என்று சொல்லி உள்ளே போனாள். நான்கு தம்ளர் கொண்டுவந்தாள். தூங்குகிறவரை எழுப்பிவிடாதபடி, நான்கு பேரும் வாசலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் குடித்தார்கள்.